22 வயதில் தூதர், 38 வயதில் வெளியுறவு அமைச்சர்: சலீம் அகமது சலீம் வந்த வழி

கேள்வி இதுதான்: தூதராக இருந்து வெளியுறவு அமைச்சரான ஆப்பிரிக்கர் ஒருவரின் வாழ்க்கையை விரிவாகச் சொல்ல முடியுமா? தூதர் வேலையில் கற்றது அமைச்சர் வேலைக்கு உண்மையில் உதவியதா?

அதற்கு நான் எடுத்துக்கொள்வது தான்சானியாவின் சலீம் அகமது சலீமை. இப்படிப்பட்டவர்கள் ஆப்பிரிக்காவில் நிறைய பேர் உண்டு. ஆனால் இவர் அளவுக்கு இளம் வயதில் தொடங்கி, இவ்வளவு உயரம் ஏறி, கடைசிப் படியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தடுக்கப்பட்டவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் வெளியுறவு அமைச்சராக இருந்தது மூன்றரை வருடம்கூட முழுதாக இல்லை. அவரைப் பற்றிப் பேசத் தகுந்த பெரிய விஷயங்களில் பாதி அதற்கு முன்னால் நடந்தவை, மீதி அதற்குப் பின்னால். நியூயார்க்கில் தூதராக இருந்த பத்து வருடத்தில் அவர் எடுத்த நிலைப்பாடுகள்தான் அவரை அமைச்சராக்கின. அதே நிலைப்பாடுகள்தான் ஐ.நா. பொதுச் செயலாளர் நாற்காலியை அவருக்குக் கிடைக்காமலும் செய்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சலீம் 1942 ஜனவரி 23 அன்று சான்சிபாரில் பிறந்தவர். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தில் இருக்கும் அந்தத் தீவுகளை அப்போது ஓமானிய வம்சத்துச் சுல்தான் ஆண்டுகொண்டிருந்தார், மேலே பிரிட்டன். சலீமின் தந்தை வழியும் ஓமானிய அரபு வழிதான். இந்த ஒரு விவரம் அறுபது வருடத்துக்குப் பிறகும் அவரைத் துரத்தப் போகிறது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாணவப் பருவத்திலேயே அரசியலுக்கு வந்துவிட்டார். சான்சிபார் மாணவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பத்திரிகையாசிரியர். சான்சிபார் தேசியக் கட்சியின் ஹவானா அலுவலகத்தில் துணைப் பிரதிநிதியாக இருந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கியூபப் புரட்சி முடிந்து இரண்டு மூன்று வருடமே ஆகியிருந்த ஹவானா அது. பிறகு அந்தக் கட்சியிலிருந்து இடதுசாரிகள் பிரிந்து உம்மா கட்சியைத் தொடங்கியபோது அப்துல்ரஹ்மான் பாபுவின் பக்கம் போனார்.

சான்சிபார் 1963 டிசம்பர் 10 அன்று சுதந்திரம் பெற்றது. ஒரு மாதம்தான் நிலைத்தது. 1964 ஜனவரி 12 அன்று புரட்சி வெடித்து சுல்தான் ஓடிப்போனார். ஏப்ரல் 26 அன்று சான்சிபாரும் எதிரே பெருநிலப்பரப்பில் இருந்த தங்கனிக்காவும் இணைந்து, பின்னால் தான்சானியா என்று பெயர் பெற்ற நாடு உருவானது. தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, படிப்படியாக மேலே வரும் வெளியுறவுப் பணி என்ற ஒன்றே அந்த நாட்டில் அப்போது கிடையாது. படித்தவர்கள் கொஞ்சம் பேர், நிரப்ப வேண்டிய நாற்காலிகள் நிறைய. அப்படித்தான் 22 வயது சலீம் கெய்ரோவுக்குத் தூதராகப் போனார்.

அது எந்தக் கெய்ரோ என்று யோசித்துப் பாருங்கள். எகிப்து அதிபர் நாசரின் கெய்ரோ. 1964 ஜூலையில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாடு அங்கே நடந்தது. காலனி ஆட்சிகள் கிழித்து வைத்த எல்லைக்கோடுகளை அப்படியே ஏற்றுக்கொள்வோம் என்று ஆப்பிரிக்கத் தலைவர்கள் முடிவெடுத்தது அந்த மாநாட்டில்தான். அக்டோபரில் அணிசேரா நாடுகளின் மாநாடும் அங்கேதான். ஆப்பிரிக்க அரசியலின் அடிப்படை விதிகளில் ஒன்று எழுதப்பட்ட வருடத்தில், அது எழுதப்பட்ட ஊரில் அவருக்கு முதல் வேலை. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் தலையிடக்கூடாது என்ற விதி அதற்கு முந்தைய வருடம், 1963-லேயே, அந்த அமைப்பின் சாசனத்தில் எழுதப்பட்டிருந்தது. அது ஏன் வந்தது என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. முப்பது வருடம் கழித்து அந்த விதியைத் தளர்த்தும் வேலையும் அவர் கையில்தான் வந்து சேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து டெல்லி. 1965 முதல் 1968 வரை இந்தியாவில் தான்சானியாவின் ஹை கமிஷனர், அதாவது தூதர். இந்தியா பாகிஸ்தானுடன் போரிட்ட வருடத்தில் வந்து, சாஸ்திரி மறைந்து இந்திரா காந்தி வந்ததை அருகிலிருந்து பார்த்தவர். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பள்ளிப் படிப்பு முடிந்ததுமே அரசியலில் குதித்துவிட்டதால் அவரிடம் பட்டம் இல்லை. அதனால் தூதராக இருந்துகொண்டே டெல்லியின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்தார். காலையில் வகுப்பு, மாலையில் தூதரக விருந்து என்று ஒரு நாட்டின் பிரதிநிதி ஓடியிருப்பார் என்று நினைத்தாலே வியப்பாக இருக்கிறது. பின்னால் நியூயார்க்கிலும் இதையே செய்தார். ஐ.நா.வில் வேலை பார்த்தபடியே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முதுகலை முடித்தார். பதவி வந்த பிறகும் தனக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டு வகுப்பறையில் போய் உட்கார்ந்தவர் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

டெல்லிக்குப் பிறகு சில காலம் வெளியுறவு அமைச்சகத்தில் ஆப்பிரிக்க, மத்திய கிழக்குப் பிரிவின் இயக்குநர். 1969-ல் சில மாதங்கள் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) தூதர். 1970-ல், 28 வயதில், ஐ.நா.வில் தான்சானியாவின் நிரந்தரப் பிரதிநிதி. அங்கே பத்து வருடம் இருந்தார்.

ஒரு ஏழை நாட்டின் ஐ.நா. தூதர் கையில் என்ன இருக்கும்? படை இல்லை, பணம் இல்லை, முடிவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரமும் இல்லை. பொதுச்சபையில் ஒரு வாக்கு இருக்கும், அப்புறம் குழுக்கள் இருக்கும். சலீம் பிடித்துக்கொண்டது குழுக்களை. 1960-ல் பொதுச்சபை காலனி ஆட்சிகள் முடிய வேண்டும் என்று 1514-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை நடைமுறைப்படுத்துவதைக் கண்காணிக்க ஒரு குழு வந்தது, 24 பேர் குழு என்பார்கள். 1971 தொடக்கத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டன. பெரிய நாடுகள் போய்விட்டதால் இனி அது வெறும் பேச்சுக் கூடம் என்று பலர் நினைத்தார்கள். 1972-ல் சலீம் அதன் தலைவரானார், 1980 வரை அவர்தான் தலைவர்.

அவர் தலைமையேற்ற அதே வருடம் ஏப்ரலில் அந்தக் குழு செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். போர்த்துகலின் காலனியாக இருந்த கினி பிசாவில் அமில்கார் கப்ரால் தலைமையில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. நாட்டின் பெரும்பகுதி எங்கள் கையில் இருக்கிறது, பள்ளிக்கூடம் நடத்துகிறோம், மருத்துவமனை நடத்துகிறோம் என்றார்கள் போராளிகள். போர்த்துகலோ அதெல்லாம் பொய் என்றது. நாங்களே போய்ப் பார்க்கிறோம் என்று குழு மூன்று தூதர்களை அனுப்பியது: எக்வடோர், ஸ்வீடன், துனிசியா நாட்டுக்காரர்கள். போர்த்துகலிடம் அனுமதி கேட்கவில்லை. ஏப்ரல் 2 முதல் 8 வரை அவர்கள் காடும் சதுப்பும் தாண்டி, பெரும்பாலும் கால்நடையாகவே, போராளிகளின் பகுதிக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஆளும் நாட்டின் சம்மதமில்லாமல் ஐ.நா. குழு ஒன்று இப்படி ஒரு காலனிக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. அவர்கள் கொண்டுவந்த அறிக்கைக்குப் பிறகு போர்த்துகலின் பேச்சு எடுபடவில்லை. கப்ரால் 1973 ஜனவரியில் கொல்லப்பட்டார், அந்தத் துயரம் வேறு. ஆனாலும் 1974 செப்டம்பரில் கினி பிசாவ் ஐ.நா. உறுப்பினராகிவிட்டது. அடுத்த வருடம் மொசாம்பிக், கேப் வெர்டி, சாவோ டோமே. அதற்கடுத்த வருடம் அங்கோலா.

இவையெல்லாம் சலீமால் வந்தவை என்று சொன்னால் அது தவறு. காட்டில் உயிரைக் கொடுத்தவர்களால் வந்தவை, லிஸ்பனில் 1974 ஏப்ரலில் நடந்த ராணுவப் புரட்சியாலும் வந்தவை. ஆனால் அந்தப் போராளிகள் உலகத்திடம் பேச ஒரு மேடை வேண்டியிருந்தது. மனுதாரர் என்ற பெயரில் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் பேசிய அந்த மேடையை எட்டு வருடம் விளக்கணையாமல் காத்தவர் இவர். அதை நான் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

இப்போது 1971 அக்டோபர் 25 இரவுக்கு வருவோம். சலீமின் தலையெழுத்தை மாற்றிய இரவு என்றே சொல்லலாம்.

ஐ.நா.வில் சீனாவின் இடம் பீக்கிங்கில் இருந்த கம்யூனிஸ்ட் அரசுக்கா, தைவானில் இருந்த அரசுக்கா என்ற வாக்கெடுப்பு. இருபது வருடமாக அமெரிக்கா அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தது. இந்த முறையும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: இது முக்கியமான விஷயம், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று ஒரு தீர்மானம். அது 55-க்கு 59 என்று தோற்றது. தோற்றது தெரிந்ததுமே மன்றத்தில் கைதட்டலும் ஆரவாரமும். அப்புறம் முக்கியத் தீர்மானம் 76-க்கு 35 என்று நிறைவேறியது. பீக்கிங் உள்ளே, தைவான் வெளியே. தைவான் பிரதிநிதிகள் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். தான்சானியக் குழுவினர் நாற்காலிகளுக்கு நடுவே ஆடினார்கள் என்று மறுநாள் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. நாளடைவில் குழுவெல்லாம் மறைந்து, சலீம் ஆடினார் என்பது மட்டும் கதையாக நின்றுவிட்டது. அன்று அமெரிக்காவின் ஐ.நா. தூதராக இருந்து அந்தத் தோல்வியை நேரில் பார்த்தவர் மூத்த ஜார்ஜ் புஷ், பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தான்சானியாவுக்கு ஏன் அவ்வளவு மகிழ்ச்சி? பலர் இதைச் சித்தாந்தம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. பக்கத்து நாடான ஜாம்பியாவின் செம்பு பெரும்பாலும், வெள்ளையர் ஆட்சியில் இருந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அந்தப் பிடியிலிருந்து விடுபட தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ஒரு ரயில் பாதை வேண்டும். மேற்கு நாடுகளிடம் கேட்டார்கள், கட்டுப்படியாகாது என்று கைவிரித்தார்கள். சீனா சரி என்றது. ஏறத்தாழ 1,860 கிலோமீட்டர் பாதை. சீனாவே ஏழையாக இருந்த காலத்தில் போட்டுக் கொடுத்தது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் இந்த வாக்கெடுப்பு. கஷ்டத்தில் கைகொடுத்தவனுக்கு நீதி கிடைத்தால் மகிழத்தானே செய்வார்கள்? அந்த மகிழ்ச்சி சீனாவுக்காகத்தான், அமெரிக்காவை அவமானப்படுத்த அல்ல என்று சலீம் பின்னாளில் விளக்கினார். விளக்கம் எடுபடவில்லை.

உண்மையில் அவர் ஒரு பக்கம் சாய்ந்த ஆளில்லை. 1976 ஜனவரியில் பாதுகாப்பு சபைக்குத் தலைமை வகித்தார். தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவில் ஐ.நா. மேற்பார்வையில் சுதந்திரமான தேர்தல் நடக்க வேண்டும் என்ற 385-ஆம் தீர்மானம் அந்த மாதம் 30-ஆம் தேதிதான் நிறைவேறியது. 1979 செப்டம்பரில் பொதுச்சபைத் தலைவரானார். போப் இரண்டாம் ஜான் பாலும் ஃபிடல் காஸ்ட்ரோவும் ஒரே மாதத்தில் வந்து பேசிய கூட்டத்தொடர் அது. 1980 ஜனவரியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை எதிர்த்து அவசரக் கூட்டம் நடந்தது. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவு. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரும் இவர்தான். ஆனால் வாஷிங்டனில் நினைவில் நின்றது 1971-தான்.

1980 நவம்பரில் அதிபர் ஜூலியஸ் நைரேரே அவரை ஊருக்கு அழைத்து வெளியுறவு அமைச்சராக்கினார். வயது 38. சரி, நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன்: தூதராகக் கற்றது உதவியதா? ஆள் பழக்கம் என்ற அளவில் கண்டிப்பாக உதவியது. நமீபியா விவகாரத்தில் பேச்சு நடத்திய அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா ஆகிய ஐந்து நாடுகளின் ஆட்களும் அவருக்குப் பழக்கம், விடுதலை இயக்கத்துத் தலைவர்களும் பழக்கம். ஆனால் தூதருக்கு இல்லாத ஒரு பாரம் அமைச்சருக்கு உண்டு. சொந்த நாட்டின் பலவீனத்தையும் அவர் சேர்த்துச் சுமக்க வேண்டும். இடி அமீனை விரட்டிய உகாண்டா போரின் செலவும் எண்ணெய் விலையும் தான்சானியாவை நொறுக்கியிருந்தன. சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.புடன் நைரேரேவுக்குச் சண்டை. கடன் கேட்கவும் வேண்டும், கடன் கொடுப்பவர்களிடம் கொள்கையும் பேச வேண்டும்.

காலமும் சாதகமாக இல்லை. அமெரிக்காவில் ரீகன் ஆட்சி வந்ததும், அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் போனால்தான் நமீபியாவுக்கு விடுதலை என்று இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராக நின்றதால் முன்னணி நாடுகள் என்று அழைக்கப்பட்ட தான்சானியா, ஜாம்பியா, மொசாம்பிக், அங்கோலா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே எல்லாம் எதிர்த்தும் அந்த முடிச்சு அவிழவில்லை. மேற்கு சகாரா யாருக்கு என்ற தகராறில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பே இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வந்தது. 1982-ல் திரிப்போலியில் கூட்ட முயன்ற உச்சி மாநாடு இரண்டு முறையும் நடக்காமல் போனது. 1984 மார்ச்சில் மொசாம்பிக் அதே தென்னாப்பிரிக்காவுடன், ஒருவர் எதிரிகளுக்கு மற்றவர் இடம் தருவதில்லை என்ற இன்கொமாட்டி உடன்பாட்டில் கையெழுத்திட்டது. வேறு வழியில்லாமல் செய்தார்கள், இருந்தாலும் அது முன்னணி நாடுகளுக்கு விழுந்த அடி. ஆக, அமைச்சராக அவர் காலத்தில் பெரிய வெற்றி என்று சொல்ல அதிகம் இல்லை. நிலைமை இன்னும் மோசமாகாமல் பிடித்துவைத்த காலம் என்றுதான் நான் மதிப்பிடுகிறேன்.

அந்த அமைச்சர் காலத்துக்கு நடுவில்தான் 1981 வருகிறது.

ஐ.நா. பொதுச் செயலாளர் குர்ட் வால்ட்ஹைம் இரண்டு தவணை முடித்து மூன்றாவது தவணையும் கேட்டார். ஆப்பிரிக்கா தன் வேட்பாளராக சலீமை நிறுத்தியது. பாதுகாப்பு சபையில் 15 பேர். 9 வாக்கு வேண்டும், ஐந்து நிரந்தர உறுப்பினரில் ஒருவர்கூட எதிர்க்கக்கூடாது. அக்டோபர் 27 அன்று முதல் சுற்று. சலீமுக்கு 11 வாக்கு, வால்ட்ஹைமுக்கு 10. எண்ணிக்கையில் சலீம்தான் முந்தினார். ஆனால் இருவருக்குமே ஒரு வீட்டோ விழுந்திருந்தது. மூன்றாம் உலகத்திலிருந்துதான் ஒருவர் வர வேண்டும் என்று வால்ட்ஹைமை சீனா தடுத்தது. சலீமைத் தடுத்தது அமெரிக்கா. வாக்குச்சீட்டு ரகசியம், ஆனால் இது யாருக்கும் ரகசியமாக இல்லை. சீனா 16 முறை வால்ட்ஹைமுக்கு எதிராக வீட்டோ போட்டது. சலீமுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதே சுவர்தான். அப்போது அமெரிக்கத் துணை அதிபர் யார் தெரியுமா? ஜார்ஜ் புஷ்.

பத்து வருடத்துக்கு முந்தைய ஓர் இரவின் கோபம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பாலஸ்தீனம், தென்னாப்பிரிக்கா, நமீபியா என்று எல்லாவற்றிலும் அவர் எடுத்த நிலை ரீகன் ஆட்சிக்குப் பிடிக்காத நிலை. அந்த இரவு அதற்கெல்லாம் ஓர் அடையாளமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆறு வாரம் இழுபறி. டிசம்பர் 3 அன்று வால்ட்ஹைம் விலகினார், 8-ஆம் தேதி சலீமும் விலகினார். அந்த மாதம் சபைக்குத் தலைமை வகித்தவர் உகாண்டாவின் ஒலாரா ஒட்டுன்னு, முப்பது வயதைச் சற்றே தாண்டியவர். யாருக்கெல்லாம் வீட்டோ விழாது என்று முன்னோட்டமாக ஒரு வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார். அதில் தேறியவர் பெருவின் ஹாவியர் பெரெஸ் டி குவெய்யார். டிசம்பர் 11 அன்று முடிவாகிவிட்டது. இன்றுவரை பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க அந்த முன்னோட்ட வாக்கெடுப்பு முறைதான். 2006-ல் நம் சசி தரூர் விலகியதும் அப்படிப்பட்ட வாக்கெடுப்பில் நிரந்தர உறுப்பினர் ஒருவர் எதிர்ப்பது தெரிந்த பிறகுதான். 1981-க்குப் பின் யாரும் மூன்றாவது தவணை பெற்றதும் இல்லை.

வால்ட்ஹைம் தன் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவப் பின்னணியை மறைத்திருந்தது 1986-ல் வெளிவந்தது. சீனாவின் வீட்டோக்கள் மட்டும் இல்லாவிட்டால் அப்போதும் அவரே பொதுச் செயலாளர் நாற்காலியில் இருந்திருக்கலாம்.

1984 ஏப்ரல் 12 அன்று தான்சானியப் பிரதமர் எட்வர்ட் சொகோய்னே கார் விபத்தில் இறந்தார். 24-ஆம் தேதி சலீம் பிரதமரானார். அடுத்த வருடம் நைரேரே தானாகவே பதவியிலிருந்து விலகப் போகிறார், அவர் இடத்துக்கு சலீம்தான் என்று பரவலாகப் பேச்சு. வந்தவரோ சான்சிபார் அதிபராக இருந்த அலி ஹசன் ம்வின்யி. சான்சிபார்க்காரர்களிலேயே ஒரு பகுதியினர் சலீமை ஏற்கவில்லை. அரபு வழி வந்தவர், புரட்சிக்கு முன் தேசியக் கட்சியில் இருந்தவர் என்பது அவர்கள் வாதம். புரட்சி நடந்து இருபது வருடம் ஆகியும் காயம் ஆறவில்லை. அந்தக் காயம் பொய் என்று சொல்ல நான் ஆளில்லை, சுல்தான் ஆட்சியில் ஆப்பிரிக்கர்கள் பட்டது உண்மை. ஆனால் ஆப்பிரிக்க விடுதலைக்காகப் பத்து வருடம் நியூயார்க்கில் நின்றவரை நீ முழு ஆப்பிரிக்கன் இல்லை என்று சொன்னது எனக்கு இன்றும் வலிக்கிறது.

துணைப் பிரதமராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் 1989 வரை இருந்துவிட்டு, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச் செயலாளராக அடிஸ் அபாபாவுக்குப் போனார். தூதராகக் கற்றதெல்லாம் முழுதாகப் பயன்பட்டது அங்கேதான் என்பது என் எண்ணம். மூன்று தவணை, 12 வருடம். அதற்கு முன் யாருக்கும் அது வாய்க்கவில்லை.

அதிகாரம் குறைவான பதவி. உறுப்பு நாடுகள் சந்தா பாக்கி வைப்பது வழக்கம், சாசனமோ உள்நாட்டு விஷயத்தில் தலையிடாதே என்கிறது. பனிப்போர் முடிந்ததும் சோமாலியா, லைபீரியா, ருவாண்டா என்று போர்கள் உள்நாட்டுக்குள்ளேயே வெடித்தன. பக்கத்து வீடு எரியும்போது வேலி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சலீம் தலைவர்களிடம் விடாமல் வாதாடினார். 1993 ஜூனில் கூடிய உச்சி மாநாட்டில், மோதல்களைத் தடுக்கவும் தீர்க்கவும் ஓர் அமைப்பு உருவாக்கத் தலைவர்கள் சம்மதித்தார்கள். மாநாடு நடந்த ஊர் கெய்ரோ. 22 வயதில் அவர் முதல் வேலைக்குப் போன அதே ஊர்.

ஆனால் அடுத்த வருடமே ருவாண்டா. 1993 ஆகஸ்ட்டில் அருஷாவில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தில் அவருடைய அமைப்புக்குப் பெரிய பங்கு. ஒரு சிறிய ராணுவக் கண்காணிப்புக் குழுவையும் அனுப்பியிருந்தார்கள். 1994 ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலையை அந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை, ஐ.நா.வும் தடுக்கவில்லை, ஆப்பிரிக்காவும் தடுக்கவில்லை. சுமார் 8 லட்சம் உயிர்கள். ஏன் தடுக்க முடியவில்லை என்று ஆராய அவர் காலத்திலேயே முன்னாள் போட்ஸ்வானா அதிபர் கெட்டுமிலே மசிரே தலைமையில் குழு அமைத்து, 2000-ல் அறிக்கையை வெளியிட்டார்கள். தங்கள் அமைப்பையும் சேர்த்துக் குறை சொன்ன அறிக்கை அது. அதே 2000 ஜூலையில் லோமே நகரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சாசனம் நிறைவேறியது. இனப்படுகொலை, போர்க் குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் நடந்தால் உறுப்பு நாட்டுக்குள் தலையிடும் உரிமை ஒன்றியத்துக்கு உண்டு என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. 1963-ன் தலையிடாமை விதி அன்றோடு தளர்ந்தது. அந்த உரிமையை ஒன்றியம் எத்தனை முறை துணிந்து பயன்படுத்தியது என்று கேட்டால் பதில் மகிழ்ச்சியாக இருக்காது. ஆனாலும் விதி எழுதப்பட்டிருக்கிறது.

அந்த வருடங்களில் ஒரு நல்ல நாளும் உண்டு. 1994 ஜூனில் துனிஸ் மாநாட்டுக்கு நெல்சன் மண்டேலா வந்தார். தென்னாப்பிரிக்கா அமைப்பின் 53-ஆவது உறுப்பினரானது. நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் கால் நூற்றாண்டு குழுக்களில் பேசிய சலீம்தான் அப்போது அமைப்பின் பொதுச் செயலாளர்.

2001-ல் விடைபெற்றார். 2005-ல் தான்சானியாவின் ஆளுங்கட்சி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தபோது கடைசி மூவரில் ஒருவராக வந்து, ஜகாயா கிக்வெட்டேயிடம் தோற்றார். அப்போதும் அதே பழைய அரபுப் பேச்சைக் கிளறினார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கிக்வெட்டே பத்து வருடம் வெளியுறவு அமைச்சர். அவருக்கு முன் அதிபராக இருந்த பெஞ்சமின் ம்காப்பா, சலீமுக்கு முன்னும் பின்னும் அதே நாற்காலியில் இருந்தவர், அவரும் தூதராக இருந்தவர். அந்த அமைச்சகத்திலிருந்து இருவர் அதிபரானார்கள். உலக அரங்கில் அவர்கள் எல்லோரையும்விடப் பெயர் பெற்றிருந்தவர் ஆகவில்லை. பிறகு சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த போரை நிறுத்தும் சமரசத்துக்காக, நைஜீரியாவின் அபுஜாவில் சலீம் மாதக்கணக்கில் உட்கார்ந்தார். 2006 மே 5 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. போராளிக் குழுக்களில் ஒன்றுதான் கையெழுத்திட்டது என்பதால் அது நிலைக்கவில்லை. 2019-ல் சீனா தன் நட்புப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. 1971-ஐ அவர்களும் மறக்கவில்லை.

தூதர் அனுபவம் உதவியதா என்ற கேள்விக்கு என் பதில்: அமைச்சராக இருந்த மூன்றரை வருடத்தில் ஓரளவு, அதற்குப் பின் வந்த 12 வருடத்தில் மிக அதிகம். இதே பாதையில் வந்த இன்னும் சிலரையும் தேடிப் படிக்க விரும்பினால் இரண்டு பெயர் சொல்கிறேன். ஒருவர் ஐவரி கோஸ்ட்டின் அமாரா எஸ்ஸி. ஐ.நா. தூதர், வெளியுறவு அமைச்சர், பொதுச்சபைத் தலைவர் என்று வந்து, 2001-ல் சலீமிடமிருந்தே பொறுப்பை வாங்கிக்கொண்டவர். இன்னொருவர் நமீபியாவின் தியோ-பென் குரிராப். 1970-களில் நாடே இல்லாத ஓர் இயக்கத்தின் பிரதிநிதியாக நியூயார்க்கில் இருந்தவர். சலீம் தலைமை வகித்த சபைகளிலும் குழுக்களிலும் நமீபியாவுக்காக வாதாடிய தரப்பு அவருடையது. 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றதும் அதன் முதல் வெளியுறவு அமைச்சரானார். 1999 செப்டம்பரில், சலீம் உட்கார்ந்து சரியாக இருபது வருடம் கழித்து, பொதுச்சபைத் தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.